நாற்பத்தோராம் கட்டம்

பெங்களூர்
18.1.1998

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி முத்துவேல் எழுதுகிறேன். குளிரில் மூக்கு ஒழுகுவதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையை விழுங்குகிறாளா, தலையணைக்கு அடியில் ஒளிக்கிறாளா என்று பார்.

ஒரு நல்ல செய்தி. இரண்டு வருஷமாக யார் யார் ஊர் ஆற்றையோ கம்ப்யூட்டரில் ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது புரொபசர் நம் மட்டாஞ்சேரியையே என் கையில் கொடுத்துவிட்டார். மழைக்காலத்தில் அங்கே ஏன் தண்ணீர் வடிவதில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். பஜார் ரோட்டிலிருந்து நம் காலனி வரைக்கும் உள்ள நிலத்தை இருநூற்றுப் பதினான்கு கட்டங்களாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் தரை எவ்வளவு உயரம், மண் எவ்வளவு தண்ணீரைக் குடிக்கும், எந்தத் தோட்டுக் கால்வாயில் போய் விழும் என்று எழுதிக் கொடுத்தால், கம்ப்யூட்டர் மழை பெய்யவிட்டுப் பார்க்கும். மேலே ஓடும் தண்ணீருக்கு ஒரு கணக்கு, மண்ணுக்கு அடியில் நகரும் தண்ணீருக்கு ஒரு கணக்கு. கடல் ஏற்றத்தில் காயலில் தண்ணீர் ஏறினால் அடித்தண்ணீரும் ஏறும், அதையும் சேர்த்துத்தான். ஒரு தடவை ஓடி முடிக்க ஆறு மணி நேரம்.

என் கணக்கு சரிதானா என்று பார்க்க உண்மையான அளவு வேண்டும். அதற்கு நீதான் ஆள். தோட்டின் இரு பக்கமும் உள்ள பதினான்கு கிணறுகளை அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அளந்து எழுது. கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பிலிருந்து தண்ணீர் வரை கயிறு விட வேண்டும். காயல் தண்ணீர் ஏறும் வேலியேற்ற நேரத்தில் ஒரு தடவை, இறக்கத்தில் ஒரு தடவை. கூலியாக வரும்போது மைசூர் பாக் வாங்கி வருகிறேன்.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
முத்துவேல்


மட்டாஞ்சேரி
30.1.1998

தம்பி முத்துவேலுக்கு அக்கா செல்வலட்சுமி எழுதிக்கொள்வது.

அம்மா மாத்திரையை என் எதிரில் விழுங்கி, வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் படுக்கிறாள். கால் பரவாயில்லை. எனக்கு யூதர் தெருவான ஜூ டவுனில் சுக்கு தரம் பிரிக்கும் வேலை ஓடுகிறது. நாங்கள் தும்முகிறோம், வெள்ளைக்காரர்கள் படம் பிடிக்கிறார்கள். தும்மலைத் தவிர வேறு நோய் கிடையாது.

கிணறு அளக்கத் தொடங்கிவிட்டேன். "என்ன செல்வி, கெணத்துக்குக் காய்ச்சல் பார்க்கிறியா?" என்று பக்கத்து வீட்டு பிந்து கேட்கிறாள். கேட்கட்டும். முதல் அளவுகள் தனித்தாளில் இருக்கின்றன.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நிலம் இருக்கிறது, மண் இருக்கிறது, காயல் இருக்கிறது, மைசூர் பாக் கூட இருக்கிறது. ராசப்பன் பெயரை மட்டும் காணவில்லை. நம் தோட்டை மூடி, அதன் மேல் மிளகு கோடவுன் கட்டியவன் அவன். தோடு போன இடத்தில், ஆள் குனிந்து போகிற அளவில் ஒரே ஒரு சிமென்ட் குழாய் விட்டவனும் அவன். 88 ஜூலையில் குழாய் அடைத்துக்கொண்டது என்று அப்பாவை உள்ளே இறக்கினான். அப்பா வெளியே வரவில்லை. "பிச்சைமணி குடிச்சிட்டுத் தானா விழுந்தான்" என்று போலீசில் சொன்னான். சாராய வாசனை வந்தாலே மூக்கைப் பொத்துகிற மனுஷனைப் பற்றிச் சொன்னான்.

உனக்குப் பதினாறு வயது. அழுதாய், பிறகு படிக்கப் போனாய். நான் இங்கேயே இருந்தேன். பள்ளுருத்தி மாப்பிள்ளை வீட்டார் "குடிகாரன் மகள் வேண்டாம்" என்று சொல்லியனுப்பியபோது எனக்கு இருபத்துநாலு. இப்போது முப்பத்துநாலு. அப்பாவைக் குளிப்பாட்டும்போது மார்பில் மேலிருந்து கீழாக, அளவுகோல் வைத்துப் போட்டதுபோல ஒரு நீலக் கோடு இருந்ததே, நினைவிருக்கிறதா? அது எப்படி வந்தது என்று பத்து வருஷமாக யோசிக்கிறேன்.

உன் கட்டத்தில் அந்தக் குழாயையும் போடு. அப்போதுதான் நான் கயிறு பிடிப்பேன்.

அக்கா,
செல்வலட்சுமி


பெங்களூர்
8.3.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் மூக்கும் சுகம். நீயும் அம்மாவும் அப்படியே இருக்க வேண்டும்.

கோடவுன் இருக்கும் இடம் நாற்பத்தோராம் கட்டம். குழாயைப் போட்டுவிட்டேன். கார்ப்பரேஷன் ஆபீஸ் வரைபடத்தில் உள்ள அகலம், நீளம் எல்லாம் சரியாகக் கொடுத்தேன். ஆனால் ஒரு சிக்கல். குழாய்க்குக் கீழ்ப்பக்கம் உள்ள கிணறுகள் என் கணக்கோடு விரற்கடை பிசகாமல் பொருந்துகின்றன. மேல்பக்கம், நம் காலனியில், ஆறு முதல் ஒன்பது வரை நான்கு கிணறும் கணக்கைவிட ஒரு முழம் உயரமாக நிற்கின்றன. நாலு தடவை ஓட்டிவிட்டேன்.

கோபப்படாதே. கயிறு நனைந்தால் சுருங்கும். அல்லது பிந்துவோடு பேசிக்கொண்டே எண்ணினாயோ? புரொபசர் கேட்டால் என் அக்காவின் கயிறு பொய் சொல்கிறது என்று சொல்லவா?

இன்னொரு தடவை அளந்து அனுப்பு.

முத்துவேல்


மட்டாஞ்சேரி
17.3.1998

தம்பிக்கு,

அம்மாவுக்கு சுகம். எனக்கு உன் கடிதம் வந்த நாள் முதல் தலைவலி.

என் கயிறு பொய் சொல்லாது. சுருங்காத நைலான் கயிறு, சாணுக்கு ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். மூன்று நாள் தொடர்ந்து அளந்தேன், அதே அளவுதான். உன் கம்ப்யூட்டர் பெட்டிக்குத்தான் காய்ச்சல். ஆபீஸ் வரைபடத்தை நம்பி உட்கார்ந்திருக்கிறாய். அதை வரைந்தவன் குழாய்க்குள் இறங்கினானா?

இறங்கினவன் ஒருத்தன் சொன்னதை எழுதுகிறேன். ராசப்பன் கோடவுனில் சுடலைமுத்து என்று ஒருவன் இருக்கிறான். சங்கரன்கோவில் பக்கம். மூட்டை தூக்குவது, காவல், தோட்டு அடைப்பைக் குத்தி எடுப்பது எல்லாம் அவன் தலையில்தான். மனைவி சீனியம்மாளும் கைக்குழந்தையும் ஊரில். அவனுக்கு எழுதத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து சொல்லுவான், நான் அவளுக்கு எழுதிக் கொடுப்பேன். கொத்தவரங்காய் விலையில் தொடங்கி, புது ஜாக்கெட் தைத்தாளா என்பது வரைக்கும் கேட்பான். கடைசியில் மட்டும் வெட்கப்பட்டு, "மத்ததெல்லாம் நீங்களே போட்டுக்கிடுங்கக்கா" என்பான்.

போன ஐப்பசியில் அவனைக் குழாய் குத்த இறக்கியிருக்கிறார்கள். நேற்று கேட்டேன். "உள்ள பாதி தூரத்துல ஒரு தூண் நிக்குதுக்கா. இடுப்பத் திருப்பித்தான் தாண்டணும். குப்பையெல்லாம் அதுலதான் வந்து சுத்திக்கிடுது" என்றான். ராசப்பன் மாடி எடுத்தபோது தூணுக்கு இடமில்லாமல் குழாயின் மண்டையை உடைத்து உள்ளே நிறுத்தியிருக்கிறான். மாடி எடுத்தது 87இல். அப்பா இறங்கியது 88இல்.

அந்தத் தூணை உன் கட்டத்தில் நிறுத்திப் பார். பிறகு என் கயிற்றைப் பற்றிப் பேசு.

செல்வலட்சுமி


பெங்களூர்
26.4.1998

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இருவர் உடம்பும் நன்றாக இருக்கட்டும். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அதை நோய் என்று சொல்ல முடியாது.

உன் கயிற்றிடம் மன்னிப்புக் கேட்கிறேன். தூணை நிறுத்தினேன். பதினான்கு கிணறும் பொருந்திவிட்டன. புரொபசர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. 88 ஜூலை பதினான்காம் தேதியின் மழை அளவும் காயல் ஏற்றமும் பழைய பதிவேட்டில் கிடைத்தன. அவற்றைக் கொடுத்து அந்த ஒரு நாளை ஓடவிட்டேன்.

அக்கா, நன்றாகக் கேள். அன்றைக்குத் தூணில் குப்பை அடைத்து, மேல்பக்கம் தண்ணீர் ஆள் மார்பளவு தேங்கி நின்றிருக்கிறது. கீழ்ப்பக்கம் முழங்கால் அளவுகூட இல்லை. உள்ளே இருப்பவர் குப்பையைக் கொஞ்சம் விலக்கினால் போதும், மேல்பக்கத் தண்ணீர் முழுவதும் அந்த இடுக்கு வழியாக ஒரே இழுப்பில் பாயும். அங்கே இருக்கும் ஆளைத் தூணோடு வைத்து அழுத்தும். எவ்வளவு பலமான ஆளானாலும் கையை எடுக்க முடியாது. தூணின் விளிம்பு நேராக மார்பில்தான் பதியும்.

நீலக் கோடு அதுதான்.

அப்பா விழவில்லை. அடைப்பை எடுத்தார், சொன்ன வேலையைச் செய்து முடித்தார். அதனால் செத்தார். எனக்கு வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

முத்துவேல்


மட்டாஞ்சேரி
10.5.1998

தம்பிக்கு,

சுகம்.

அம்மாவிடம் சொன்னேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "அப்போ அந்தாளுக்குத் தெரியும்ல, தூண் நிக்கிறது?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். அன்றிலிருந்து அவள் கால் வலியைப் பற்றிப் பேசுவதில்லை.

நீ பெய்து முடிந்த மழையைக் கணக்குப் போட்டுக் காட்டினாய். எனக்கு இனிப் பெய்யப் போகிற மழையைச் சொல். அவன் கோடவுனில் இந்த வருஷ மிளகு முழுவதும் அடுக்கியிருக்கிறான், தரையிலிருந்து உத்திரம் வரை. விலை ஏறும் என்று விற்காமல் வைத்திருக்கிறான். அது எந்த நாள் மூழ்கும்? உன் பெட்டியிடம் அதைக் கேள்.

செல்வலட்சுமி


பெங்களூர்
28.6.1998

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். வேலை என்று சொல்லிக்கொள்ளலாம். உன் கேள்விக்கு விடை மே மாதமே கிடைத்துவிட்டது. தாளை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன், எடுத்தேன், மறுபடி பூட்டினேன். அங்கே மழை பிடித்துவிட்டதாமே, அம்மாவை ஈரத்தில் நடக்க விடாதே.

எழுதித்தான் விடுகிறேன், அந்தத் தாளும் உள்ளே இருக்கிறது. ஜூலை 23, ஆடி அமாவாசை. நம் பக்கத்தில் கர்க்கடக வாவு என்று, இறந்தவர்களுக்குத் தர்ப்பணம்போலப் பலியிடும் நாள். மத்தியானம் ஒரு மணி சுமாருக்குக் காயல் மிக உயரமாக ஏறும். அன்றோ முந்தின பிந்தின நாளிலோ மூன்று மணி நேரத்தில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால், தூணுக்கு மேல்பக்கம் தண்ணீர் தேங்கி நாற்பத்தோராம் கட்டத்தில் ஏறும். வாசல் வழியாக மட்டும் அல்ல, தரைக்கு அடியிலிருந்தும் ஊறி வரும். தரையில் அடுக்கிய எதுவும் தப்பாது. மழை பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. இது ஜோசியம் இல்லை, கணக்கு.

அறிக்கையில் புரொபசர் கையெழுத்துப் போட ஆகஸ்ட் ஆகும். அதற்கு முன் கையெழுத்து இல்லாத தாளை ஆபீசில் வாங்க மாட்டார்கள். அதனால் உனக்கு எழுதுகிறேன். காலனியில் எல்லோரிடமும் சொல். ராசப்பனிடமும் சொல்லத்தான் வேண்டும், அக்கா. எல்லாவற்றையும்விட முக்கியம்: அன்றைக்கு யாரும் குழாய்க்குள் இறங்கக் கூடாது. சுடலைமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டு இதைச் சொல்லிவிடு.

முத்துவேல்


மட்டாஞ்சேரி
12.7.1998

தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். அம்மா கட்டிலுக்கு நான்கு செங்கல் வைத்து உயர்த்திவிட்டேன். பதினான்கு கிணற்று வீட்டிலும் சொல்லிவிட்டேன். எல்லோரும் அரிசியைப் பரணில் ஏற்றுகிறார்கள்.

ராசப்பனிடமும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்டுக்கொள்.

அவன் காலையில் ஒன்பது மணிக்குத் தனியாக உட்கார்ந்து சாயா குடிப்பான். அப்போது போய்ச் சொல்லியிருந்தால் ஒருவேளை மூட்டைகளைப் பலகை போட்டு ஏற்றியிருப்பான். நான் பதினொரு மணிக்குப் போனேன். காயலுக்கு அக்கரை பிராட்வே பஜாரிலிருந்து இரண்டு வியாபாரிகள் விலை பேச வந்திருந்தார்கள். தரகன், கணக்குப்பிள்ளை, மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் நின்றார்கள். நான் வாசலில் நின்று உரக்கச் சொன்னேன்: "சேட்டா, ஆடி அமாவாசைக்கு உங்க கோடவுன்ல வெள்ளம் கேறும். மிளகெல்லாம் நனைஞ்சு போகும். என் தம்பி கம்ப்யூட்டர்ல பார்த்துட்டான்."

வாங்க வந்தவன் முன்னால் மிளகு நனையும் என்றால் எந்த வியாபாரி ஒத்துக்கொள்வான்? முகம் சிவந்துவிட்டது. "ஏடீ, இது அந்த பிச்சைமணி மகள் இல்லியோ? அப்பன் கள்ளு ஷாப்பில இருந்து கணக்கு சொல்லுவான், மகன் கம்ப்யூட்டர்ல இருந்து சொல்லுறானா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். உன் தாளை நீட்டினேன். அதில் கை துடைத்துக்கொண்டான். "முப்பது வருஷமா இங்க இருக்கேன். என் தரையில ஒரு சொட்டு ஏறினா நான் மீசையை எடுக்கிறேன், போடீ" என்றான்.

நான் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். குனிந்தது எதற்கென்றால், சிரிப்பு வந்துவிட்டது. உண்மையைச் சொன்னேன், பத்துப் பேர் சாட்சி. அவன் நம்பவே முடியாதபடி சொன்னேன். இனி அவனே நினைத்தாலும் ஒரு மூட்டையை நகர்த்த முடியாது. நகர்த்தினால் என்னிடம் தோற்றதாகிவிடும்.

மழை மட்டும் பெய்ய வேண்டும். நம் அம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

செல்வலட்சுமி


பெங்களூர்
17.7.1998

அக்கா,

அம்மாவையும் உன்னையும் கவனித்துக்கொள். நான்கு வரிதான் எழுதுகிறேன், இன்றைய தபாலில் போக வேண்டும்.

உன் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, சுடலைமுத்து இல்லை. அவனிடம் சொன்னாயா? தண்ணீர் ஏறினால் ராசப்பன் முதலில் என்ன செய்வான் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லிவிடு. சொன்னதாக ஒரு கார்டு போடு.

முத்துவேல்


மட்டாஞ்சேரி
2.8.1998

தம்பிக்கு,

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் கணக்கு தப்பவில்லை. அமாவாசையன்று விடியற்காலை நாங்கள் காயல் கரையில் அப்பாவுக்குப் பலியிட்டோம். பத்து மணிக்கு மழை தொடங்கியது. பன்னிரண்டரைக்குக் கோடவுன் வாசற்படி மறைந்தது. நான் எதிர்ச் சந்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மணிக்கு உள்ளே இருந்து கறுப்பாகத் தண்ணீர் வெளியே வந்தது, மேலே மிளகு மிதந்தது. ராசப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டான். நான் பார்த்தேன். கண் நிறையப் பார்த்தேன். பத்து வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு நாளும் இருந்ததில்லை. இதை மறைத்து என்ன பயன்?

அரை மணி நேரம் அந்த சந்தோஷம்.

பிறகு, "குழாயைக் குத்துடா, குழாயைக் குத்து" என்று அவன் கத்துவது கேட்டது. நான் சந்திலிருந்து இறங்கி ஓடினேன், தண்ணீர் இடுப்பளவு. போய்ச் சேர்வதற்குள் கோடவுனில் தேங்கியிருந்த தண்ணீர் சட்டென்று வடியத் தொடங்கியது. எல்லோரும் "ஆ, அடைப்பு எடுத்துட்டான்" என்று கை தட்டினார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது.

சுடலைமுத்துவைச் சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்தார்கள். சட்டையை விலக்கிப் பார்த்தேன். மேலிருந்து கீழாக, நேராக, நீலமாக.

போலீஸ் வந்தபோது ராசப்பன் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "குடிச்சிட்டுத் தானா விழுந்தான் சாரே. வேண்டாம்னு பறஞ்சேன், கேக்கல." அதே வாக்கியம். பத்து வருஷத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கை வர நாளாகுமாம். அதற்குள் பஜார் முழுக்க அவன் குடிகாரனாகிவிட்டான்.

விசாரணை அதிகாரி இருபத்தோராம் தேதி வருகிறார். தூண் இருப்பது ராசப்பனுக்கு முன்பே தெரியும், வெள்ளம் வரும் என்று அவனிடம் சொல்லப்பட்டது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். நான் உனக்கு எழுதிய எல்லாக் கடிதங்களையும் திருப்பி அனுப்பு. தேதி, தபால் முத்திரையோடு.

செல்வலட்சுமி


பெங்களூர்
9.8.1998

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவை டாக்டரிடம் காட்டினாயா?

உன் கடிதங்கள் ரெஜிஸ்டர் தபாலில் வருகின்றன. 88ஆம் வருஷத்து ஓட்டமும், இந்த ஜூலையின் ஓட்டமும், தூண் வைத்தும் வைக்காமலும் பதினான்கு கிணற்றின் கணக்கும் புரொபசர் கையெழுத்தோடு வருகின்றன. சொன்னேன், ஒரே நாளில் போட்டுக் கொடுத்துவிட்டார். ஜூனிலேயே கேட்டிருந்தால் ஜூனிலேயே போட்டிருப்பார். நான் கேட்கவில்லை. உன்னிடம் கொடுத்தால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உன்னிடம் கொடுத்தேன். இதை எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளும் உள்ளே இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். ஜூலை 12 கடிதத்தைக் கொடுக்க வேண்டுமா? அவன் நம்பாதபடி சொன்னேன், சிரிப்பு வந்தது என்றெல்லாம் அதில் இருக்கிறது. ராசப்பனின் வக்கீல் அதை வைத்தே உன்னைக் கூண்டில் ஏற்றுவான். மற்றவை போதும், அக்கா. அதை மட்டும் அடுப்பில் போட்டுவிடு. நான் அனுப்பவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

என் முந்தின கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. இனி எழுத வேண்டாம்.

முத்துவேல்


மட்டாஞ்சேரி
20.8.1998

தங்கச்சி சீனியம்மாளுக்கு மட்டாஞ்சேரியிலிருந்து செல்வலட்சுமி எழுதுவது.

நீயும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் கேட்கிறேன்.

இந்தக் கையெழுத்து உனக்குத் தெரியும். மூன்று வருஷமாக உன் வீட்டுக்காரர் பெயரில் உனக்கு வந்த கடிதமெல்லாம் இந்தக் கைதான் எழுதியது. விசாரித்ததெல்லாம் அவர் கேட்டது. கடைசி வரி மட்டும் அவருக்கு வெட்கம், நானாகப் போட்டேன். அதைப் போடச் சொன்னவரும் அவர்தான்.

அவர் குடித்திருந்தார் என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். பொய். ஆடி அமாவாசை என்று முந்தின நாளிலிருந்தே அவர் விரதம். விடியற்காலை எங்களோடு காயல் கரைக்கு வந்து செத்துப்போன தகப்பனாருக்குப் பலியிட்டார். எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் என் கையால் சோறும் பருப்பும் சாப்பிட்டு, கறுப்புச் சாயா குடித்தார். அறிக்கை நேற்று வந்துவிட்டது. வயிற்றில் இருந்தது அவ்வளவுதான். அதன் நகலை இதில் வைத்திருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள். குழந்தை பெரியவளானதும் வாசிக்கக் கொடு.

இதுவரை யாருக்கும் நான் எழுதாத ஒன்றை உனக்கு எழுதுகிறேன். என் தம்பிக்கும் எழுதவில்லை.

அன்று சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது அவர் கேட்டார்: "அக்கா, அன்னைக்கு வாசல்ல வந்து சொன்னீகளே, இன்னைக்குத் தண்ணி வருமா? மொதலாளி சிரிச்சாரு. எனக்கு என்னமோ நெசந்தான்னு தோணுது." பஜாரில் என்னை நம்பியவர் அவர் ஒருவர்தான். வரும், குழாயில் இறங்காதே, இப்போதே வைட்டிலாவில் பஸ் ஏறி ஊருக்குப் போ என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். என் தம்பியும் சொல்லச் சொல்லி இரண்டு தடவை எழுதியிருந்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்க மொதலாளிக்குத்தான் எல்லாம் தெரியுமே, அவர்கிட்டயே கேளு" என்றேன். இவர் போய்ச் சொல்லி, அவன் பயந்து, மிளகை ஏற்றி வைத்துவிடுவானோ என்று எனக்குப் பயம். என் அப்பாவைக் கொன்றவனின் மிளகு நனைய வேண்டும். அதற்காக உன் வீட்டுக்காரரைப் பேசாமல் அனுப்பினேன். சரிக்கா என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாளை விசாரணை. தம்பிக்கு எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் கொடுக்கப் போகிறேன், அவன் அடுப்பில் போடச் சொன்னதையும் சேர்த்து. அதைக் கொடுத்தால்தான் ராசப்பனிடம் பத்துப் பேர் முன்னால் சொன்னேன் என்பது நிற்கும். அது நின்றால் அவன் தப்ப முடியாது. கூடவே நானும் தப்ப முடியாது. தப்ப வேண்டாம். அவனைப் பிடித்து இழுக்க வேறு கயிறு என்னிடம் இல்லை.

உன்னையும் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். வா. யார்மேல் புகார் என்று கேட்பார்கள். முதலில் ராசப்பன் பெயரைச் சொல். அடுத்து என் பெயரைச் சொல்: செல்வலட்சுமி, தகப்பன் பெயர் பிச்சைமணி. இந்தக் கடிதத்தைக் காட்டு, என் கையெழுத்துதான் என்று நானே ஒத்துக்கொள்வேன்.

நடந்தது நடந்துவிட்டது, மன்னித்துவிடு என்று உன் ஊரிலும் சொல்ல ஆள் வருவார்கள். எங்கள் அம்மாவிடமும் வந்தார்கள். கேட்காதே. அவனையும் மன்னிக்காதே, என்னையும் மன்னிக்காதே. பத்து வருஷம் நான் அப்படித்தான் இருந்தேன், இருக்க முடியும்.

குழந்தைக்கு இரண்டு கவுன் தைத்து அனுப்பியிருக்கிறேன். அளவு அவர் சொன்னது.

செல்வலட்சுமி